பழைய லோரிக்குப் புதிய கீல்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது உள்ளங்கையில் அடங்கிவிடும் ஓர் இரும்புத் துண்டைப் பற்றி. லோரியின் எஞ்சினை மூடியிருக்கும் முன்மூடியைப் 'பானெட்' என்று வழக்கத்தில் சொல்கிறோம். அந்தப் பானெட்டை வண்டியின் உடலோடு இணைத்து, திறக்கவும் மூடவும் இடங்கொடுப்பவை இரண்டு கீல்கள். பழைய லோரிகளில் இவை தேய்ந்துபோனால் எப்படி மாற்றுவது என்பதைத்தான் இப்பொழுது பார்க்கப்போகிறோம்.

"இதற்கும் ஒரு பேச்சா? நான்கு போல்ட்டைக் கழற்றிப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது" என்று சிலர் எண்ணலாம். அப்படி மாட்டிய கீல் ஆறு மாதம் தாங்குவதில்லை. பானெட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அல்லது கீலைச் சுற்றியுள்ள தகட்டில் விரிசல் விடும். பிறகு கம்பியாலோ டயர் ரப்பராலோ கட்டி ஓட்டுவார்கள். அந்தக் கம்பி என்றைக்கு அறுகிறதோ அன்றைக்கு வண்டி எந்தச் சாலையில் இருக்கும் என்பதுதான் நம்மை அச்சுறுத்தும் கேள்வி.

முதலில் இந்த மூக்கு நீண்ட லோரிகளைப் பற்றிச் சில சொற்கள். இங்கிலாந்தில் லூட்டன் நகரில் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1931 ஆம் ஆண்டில் பெட்போர்ட் என்னும் பெயரில் லோரிகளைச் செய்யத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது இராணுவத்திற்காக மட்டும் ஏறத்தாழ 250,000 பெட்போர்ட் வண்டிகள் செய்யப்பட்டன. போர் முடிந்தபின் இராணுவம் கழித்துவிட்ட பலவகை லோரிகள் நம் நாட்டுக் காடுகளில் மரம் இழுக்க வந்தன. 'மலை அரசன்' என்னும் பொருளில் 'சான் தாய் வோங்' என்று சீனத் தொழிலாளர்கள் பெயரிட்டு அழைத்த வண்டிகள் அவ்வழி வந்தவையே. 1958 இல் பெட்போர்ட் 'ஜே' வகை லோரி வெளிவந்தது. இந்தியாவில் டாட்டா நிறுவனம் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு 1954 இல் ஒப்பந்தம் செய்துகொண்டு உருண்டை மூக்கு லோரிகளைச் செய்தது. சென்னை எண்ணூரில் 1948 இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955 இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி லோரித் தொழிலில் வேரூன்றியது.

நம் தோட்டங்களில் இவ்வகை லோரிகள் என்னென்ன ஏற்றின என்பதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகள், பகலில் ரப்பர்ப் பால், சனிக்கிழமையில் அரிசி மூட்டை, திருவிழாவன்று சாமி. தோட்டங்கள் துண்டாகி, வீடமைப்புப் பகுதிகளாகி, மக்கள் செபராங் ஜெயா போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபின் பல லோரிகள் பழைய இரும்புக்குப் போயின. எஞ்சிய சிலவற்றை இன்றும் பேணி வருகின்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பேணுகின்றவர்களுக்கு ஓர் இடர்ப்பாடு. ஜப்பானிய லோரிகள் பெருகியபின், ஓட்டுநர் அறையே எஞ்சினுக்கு மேல் அமரும் அமைப்பு பரவிவிட்டது. அதில் அறை முழுவதும் முன்னே சாயும். நீண்ட பானெட் கிடையாது. ஆகவே இன்றைய பட்டறைகளில் 'போமன்' என்று நாம் அழைக்கும் இளம் தொழிலாளர் பலர் லோரியின் பானெட் கீலைக் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை.

கீல் தளர்ந்தால் என்ன ஆபத்து? காற்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி போகும்போது, எதிர்த்து நிற்கும் தட்டையான ஒரு சதுர மீட்டர் தகட்டின்மீது காற்று ஏறத்தாழ 30 கிலோ எடைக்குச் சமமான விசையோடு மோதும். அதே தகட்டின்மீது 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் விசை 4 கிலோவுக்குச் சற்று மேல்தான். வேகம் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் கூடினால் காற்றின் விசை ஏழு மடங்காகிறது. தோட்டத்துச் செம்மண் சாலையில் ஊர்ந்த லோரிக்குக் காற்று ஒரு பொருட்டே அல்ல. இன்று அதே லோரியைச் செபராங் ஜெயாவிலிருந்து வெளியே எடுத்தால், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் பட்டர்வொர்த் கூலிம் விரைவுச் சாலையும் அருகிலேயே காத்திருக்கின்றன. தீவுக்குப் போக வேண்டுமானால் 1985 இல் திறக்கப்பட்ட பாலத்தில், கடற்காற்றின் குறுக்கே போக வேண்டும்.

பெரும்பாலான பழைய லோரிகளில் கீல்கள் பானெட்டின் பின்விளிம்பில், காற்றுக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும். வாய் முன்பக்கம் திறக்கும். முதலை வாயைத் திறப்பதுபோல் திறப்பதால் இதை 'முதலை வாய்ப் பானெட்' என்பார்கள். இதில் தாழ் விடுபட்டால் காற்று அடியில் புகுந்து பானெட்டை மேலே தூக்கிக் கண்ணாடியின்மீது அறையும். கண்ணாடி உடையாவிட்டாலும் ஓட்டுநருக்குச் சாலை தெரியாது. அந்தச் சில நொடிகளில் முன்னே ஒரு மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, கீல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். வானொலியைக் கேட்டுக்கொண்டே உங்கள் வீட்டுக் கதவைக் கவனியுங்கள். அதில் இரண்டு அல்லது மூன்று கீல்கள் இருக்கும். அவை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றன. ஒரு கீல் சற்றே விலகியிருந்தாலும் கதவு கிறீச்சிடும், இறுகும், நாளடைவில் திருகாணி பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். காரணம் எளியது. கதவு ஒரே ஒரு கோட்டைச் சுற்றித்தான் சுழல முடியும். இரண்டு கீல்கள் இரண்டு கோடுகளைக் காட்டினால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஏதோ ஒன்று வளைந்துகொடுத்தாக வேண்டும். வீட்டுக் கதவில் மரம் வளைந்துகொடுக்கிறது. லோரியில் மெல்லிய தகடு வளைகிறது. வளைந்து வளைந்து விரிசல் விடுகிறது. ஆகவே, இரண்டு கீல்களின் ஊசிகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இனிச் சொல்லப்போகும் வேலைகள் யாவும் இந்த ஒன்றுக்காகத்தான்.

முதல் வேலை, நோயை அறிவது. கீலைக் குற்றம் சொல்வதற்கு முன் வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பானெட்டை மூடுங்கள். இரு பக்கமும் உள்ள இடைவெளியை முன்னால், நடுவில், பின்னால் என்று அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பானெட்டைச் சிறிது திறந்து, கீலுக்கு அருகிலுள்ள மூலையைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் கீலின் ஊசியோ துளையோ தேய்ந்திருக்கிறது. ஆடவில்லை, ஆனாலும் இடைவெளி ஒழுங்காக இல்லை என்றால், குறை வேறிடத்தில் இருக்கலாம்.

அந்த வேறிடம் எது? பழைய லோரிகளில் ஓட்டுநர் அறை தனியாகவும், ரேடியேட்டரும் மட்கார்டுகளும் கொண்ட மூக்குப் பகுதி தனியாகவும் அடிச்சட்டத்தின்மேல் அமர்ந்திருக்கும். அறையின் கீழே ரப்பர்த் துண்டுகள் இருக்கும். ஆண்டுக்கணக்கில் அழுந்திய ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டால் அறை அந்தப் பக்கம் சாயும். கீலும் அதனோடு இறங்கும். அப்பொழுது பானெட் மூக்கோடு பொருந்தாது. இதை அறியாமல் புதிய கீல் வாங்கி மாட்டினால், குறையை அப்படியே வைத்துக்கொண்டு புதிய கீலைப் பலி கொடுப்பதாக ஆகும். எனவே ரப்பர்களையும், ரேடியேட்டர் தாங்கிகளையும், அடிச்சட்டத்தோடு இணைக்கும் போல்ட்டுகளையும் முதலில் பாருங்கள். அங்கே குறை இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே கீலைத் தொட வேண்டும்.

கீல் ஏன் வளைகிறது என்பதற்கும் ஒரு காரணம் சொல்லிவிடுகிறேன். பானெட்டைத் தாங்கும் தண்டு தொலைந்துபோன வண்டிகளில், ஆட்கள் பானெட்டை முழுவதும் பின்னுக்குத் தள்ளிக் கண்ணாடிமேல் சாய்த்துவிடுவார்கள். பானெட்டின் நீளம் ஒரு மீட்டர் என்றும், கீலின் ஊசியிலிருந்து போல்ட்டுக்குள்ள தூரம் 5 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். நெம்புகோல் கணக்கில் இது 20 மடங்கு. நுனியில் 5 கிலோ அளவுக்கு அழுத்தினால் கீல்களின்மீது 100 கிலோ இறங்கும். தடித்த கீலும் அதற்கு வளையும். புதிய கீல் மாட்டுகின்றவர் தாங்குதண்டையும் தேடி வைக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது வேலை, கீலைப் பெறுவது. பழைய வண்டிக்கடையில் கழற்றி வாங்கலாம். புதிதாகச் செய்யப்பட்டதை வரவழைக்கலாம். அல்லது நம் கீலையே பட்டறையில் கொடுத்து, தேய்ந்த துளையைப் பெரிதாக்கி, பித்தளைப் புஷ் இறக்கி, புதிய ஊசி போடச் சொல்லலாம். கடைசி வழியை எளிதாக எண்ணிவிட வேண்டாம். தேர்ந்த கடைசல்காரர் கையில் அது புதியதற்கு இணையாக நிற்கும். வாங்குவதானால் இரண்டையும் இணையாக வாங்குங்கள். இடக்கீலும் வலக்கீலும் கண்ணாடிப் பிம்பம்போல் மாறியிருக்கும். இரண்டு இடக்கீல்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்களும் உண்டு. பழையதையும் புதியதையும் மேசைமேல் அடுத்தடுத்து வைத்து, துளைகளின் தூரத்தையும் வளைவின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

போல்ட்டுகளிலும் கவனம் வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் மரைகள் அங்குல அளவில் இருக்கும். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவு. ஓர் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு என்பது 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் போல்ட் கண்ணுக்கு அதே தடிமனாகத்தான் தெரியும். ஒன்றிரண்டு சுற்று உள்ளே போகவும் செய்யும். பிறகு இறுகிக்கொள்ளும். மரைகளின் நெருக்கம் வேறு என்பதே காரணம். வலிந்து திருகினால் உள்ளே பற்றவைத்திருக்கும் நட்டின் மரை அழிந்துபோகும். கையால் சுழலாத போல்ட்டை ஸ்பானரால் சுழற்றாதீர்கள்.

மூன்றாவது வேலை, பழையதைக் கழற்றுவது. முதல் நாள் இரவே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். கழற்றுவதற்கு முன், கீலின் ஓரத்தைச் சுற்றி ஊசிமுனையால் கோடு கிழியுங்கள். உடல் பக்கமும் பானெட் பக்கமும் இரண்டிலும் வேண்டும். கீலின் அடியில் மெல்லிய தகட்டுத் துண்டுகள் இருக்கலாம். அவை குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். உயரத்தைச் சரிக்கட்டத் தொழிற்சாலையில் வைத்தவையாக இருக்கக்கூடும். எந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணி, தனித்தனி டின்னில் போட்டு வையுங்கள். கண்ணாடிக்கு முன்னால் பழைய போர்வையை மடித்துப் பரப்புங்கள். பக்கத்திற்கு ஒருவராக இருவர் பானெட்டைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் போல்ட்டைக் கழற்ற வேண்டும். தனியாளாகச் செய்யும் வேலை இதுவன்று. வெல்டிங் செய்யப்போவதானால் பேட்டரியின் தரையிணைப்புக் கம்பியை முதலில் கழற்றுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்முனையே சட்டத்தோடு இணைந்திருக்கும். ஆகவே குறியைப் பார்க்காமல், எந்தக் கம்பி சட்டத்திற்குப் போகிறது என்று பார்த்துக் கழற்ற வேண்டும்.

கீல் இருந்த இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். கடற்கரைக் காற்றில் நின்ற வண்டியானால் துரு இருக்கவே இருக்கும். அதை நீக்கி, துருத் தடுப்புச் சாயம் மெல்லியதாகப் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். ஈரச் சாயத்தின்மேலோ தடித்த சாயத்தின்மேலோ கீலை இறுக்கினால், சில நாளில் சாயம் நசுங்கி, இறுகியிருந்த போல்ட் தளர்ந்துவிடும். தகட்டில் விரிசல் இருந்தால், அதன் முனையில் சிறு துளை போட்டு விரிசல் மேலும் ஓடாமல் நிறுத்தி, பிறகு பற்றவைத்து, பின்புறம் ஒரு தகடு கொடுத்து வலுப்படுத்த வேண்டும்.

நான்காவது வேலை, பொருத்துவது. இங்கேதான் பொறுமை வேண்டும். பானெட்டின் தாழைத் தற்காலிகமாகக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் தாழ் பானெட்டைத் தன் பக்கம் இழுத்து, கோணலை நேர்போலக் காட்டும். இரண்டு கீல்களையும் உடல் பக்கம் வைத்து, கிழித்த கோட்டுக்குள் அமர்த்தி, போல்ட்டுகளை விரலால் மட்டும் திருகுங்கள். இப்பொழுது ஒரு கீலின் ஊசி நடுவிலிருந்து மற்றக் கீலின் ஊசி நடுவுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் இரண்டு ஊசிகளின் திசையோடும் ஒத்துப்போக வேண்டும். ஓர் ஊசி மேல் நோக்கியோ முன் நோக்கியோ திரும்பியிருந்தால், அடியில் மெல்லிய தகடு வைத்துத் திருத்துங்கள். இந்த நூல் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் விட்டால் கீலின் ஆயுளில் பல ஆண்டுகள் குறைந்துவிடும்.

பிறகு பானெட்டைத் தூக்கி வைத்து, இரு பக்கமும் எல்லாப் போல்ட்டுகளையும் விரலளவில் மாட்டுங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போவது பலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் முதல் கீல் கோட்டைத் தன் விருப்பம்போல் முடிவு செய்துவிடும். இரண்டாவது கீல் அதற்கு எதிராக இழுபடும். எல்லாம் தளர்வாக இருக்கும்போதே பானெட்டை மெதுவாக இறக்கி மூடி, இரு பக்க இடைவெளியும் சமமாகும்வரை கையால் நகர்த்துங்கள். அளவு வண்டிக்கு வண்டி மாறும். சமமாக இருப்பதே முக்கியம். ஒரே தடிமனுள்ள அட்டைத் துண்டுகளை நான்கு இடங்களில் செருகி வைத்தால் கண்ணை நம்ப வேண்டியதில்லை.

பின்விளிம்பு உயர்ந்து நின்றால் கீலைக் கீழே இறக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் ஏற்ற வேண்டும். முன்னும் பின்னும் நகர்த்தவும், மேலும் கீழும் நகர்த்தவும் தனித்தனி நீள்துளைகள் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது எதைச் செய்தது என்று தெரியாமல் மாலைவரை சுற்றிக்கொண்டிருப்பீர்கள். சரியாக அமர்ந்தபின் பானெட்டை மெல்லத் திறந்து, இடப்பக்கம் ஒரு போல்ட், வலப்பக்கம் ஒரு போல்ட் என்று மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பத்து முறை திறந்து மூடிய பிறகு இடைவெளியை மீண்டும் அளந்து, முதலில் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். துளைகள் பொருந்தவில்லையே என்று உடனே புதிய துளை போடாதீர்கள். போட்ட துளையை மூடுவது பெரும்பாடு. மூன்று முறை பிரித்துப் பொருத்தியும் வராவிட்டால் மட்டும் துளையைப் பற்றி யோசிக்கலாம்.

ஐந்தாவது வேலை, தாழ். இதை மீண்டும் மாட்டும்போது, பானெட் தாழைத் தேடி வளையாமல், தாழ்தான் பானெட்டைத் தேடி வரவேண்டும். பிரதான தாழோடு பாதுகாப்புக் கொக்கி ஒன்றும் இருக்கும். பிரதான தாழை விடுவித்துவிட்டு, பானெட்டை இரு கையாலும் மேலே இழுத்துப் பாருங்கள். கொக்கி தாங்கி நிற்க வேண்டும். இந்தச் சோதனையில் தோற்ற லோரி சாலைக்குப் போகக்கூடாது. கொக்கி இல்லாத மிகப் பழைய வண்டியானால், இரு பக்கமும் தோல்வாரோ இழுப்புக் கொக்கியோ பொருத்துவது தக்கது. முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி பார்த்து இறுக்குங்கள். ஊசிகளுக்கு எண்ணெய் விடுங்கள்.

லேண்ட் ரோவர் வைத்திருக்கும் நேயர்களுக்கும் ஒரு குறிப்பு. கேமரன் மலையில் காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்களை நாம் அறிவோம். 1948 இல் வெளிவந்த இந்த வண்டியின் மேலுடல் பெரும்பாலும் அலுமினியக் கலவை. போருக்குப்பின் எஃகு தட்டுப்பாடாக இருந்ததே அதற்குக் காரணம். ஆனால் கீல் இரும்பு. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால், அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கப்படும். மலையின் மூடுபனியில் ஈரத்திற்குப் பஞ்சமில்லை. எனவே கீலுக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய ரப்பரோ, கெட்டியான கிரீஸோ கொடுத்துப் பிரித்து வைக்க வேண்டும்.

நேயர்களே, இவ்வளவும் ஒரு சிறு கீலுக்கா என்று கேட்கலாம். நல்ல எஞ்சினும் உறுதியான அடிச்சட்டமும் இருந்தும், "பானெட் நிற்கவில்லை, சாமான் கிடைக்கவில்லை" என்பதற்காகவே பழைய இரும்புக்குப் போகும் லோரிகள் உண்டு. சாமான் கிடைக்காததைவிட, அதைப் பொருத்தத் தெரிந்த கைகள் குறைந்துவருவதே பெரிய இழப்பு. தோட்டத்துப் பட்டறைகளில் இந்த வேலையைச் செய்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தொட்டுவிட்டார்கள். அவர்கள் அளவுகோல் இல்லாமல் நூலாலும் தீப்பெட்டி அட்டையாலும் அளந்தவர்கள். உங்கள் குடியிருப்பில் அப்படி ஒருவர் இருந்தால், பள்ளி முடித்து வீட்டிலிருக்கும் பிள்ளையை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவரிடம் அனுப்புங்கள். எந்தப் போல்ட்டை எப்பொழுது இறுக்கினார், எதை இறுக்காமல் விட்டார், ஏன் விட்டார் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். கேட்பார் இல்லாததனால்தான் பலர் சொல்லாமல் இருக்கிறார்கள்.

வீட்டில் பழைய லோரி வைத்திருப்பவர்கள், அடுத்த முறை நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பானெட்டின் பின்மூலையை ஒரு முறை கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால், கம்பியைத் தேடாமல் ஸ்பானரைத் தேடுங்கள்.